கடைசிக் கட்டத்துப் பெயர்

பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். "இனிமையான பள்ளி நினைவுகள், ஒரு பக்கத்துக்கு மிகாமல்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டிருந்தார். ஒரு பக்கத்துக்குள் எனக்கு அடங்காது. இனிமையாகவும் இருக்காது. வேண்டாம் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுங்கள். எழுபது வயதுக்கு மேல் நல்ல பெயர் வாங்கி நான் எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.

செயலாளர் இன்னொன்றும் கேட்டிருந்தார். பள்ளியில் முன்பு ஒரு கல் இருந்ததாமே, இரண்டாம் உலகப் போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயர் வெட்டிய கல், அதன் போட்டோ யாரிடமாவது உண்டா, பெயர்கள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, அதையே புதிதாக கிரானைட்டில் செய்து வைக்கப் போகிறோம் என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். ஒருவர் "அருமையான முயற்சி" என்றார். இன்னொருவர், அந்தக் கல் கடலுக்குள் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், கடலில் போனவர்களின் பெயர்கள் கடலிலேயே சேர்ந்துவிட்டன, கவிதை போல இருக்கிறது என்று எழுதினார்.

அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கவிதையாம். கல்லுக்குக் கால் முளைத்து அது தானாக நடந்து போய்க் கடலில் இறங்கவில்லை. தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நாமெல்லாம் அப்போது அங்கேதான் படித்துக்கொண்டிருந்தோம்.

உங்களில் பாதிப் பேருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, அந்தக் கல் ஞாபகம் இருக்க நியாயமில்லை. அது பெண்பிள்ளைகள் நுழையும் கேட்டுக்கு உள்ளே, பூவரச மரத்தடியில் இருந்தது. ஆள் உயரக் கருங்கல். முன்பக்கம் மட்டும் இழைத்து வழவழப்பாக்கி, மேலே இங்கிலீஷிலும் கீழே தமிழிலும் பெயர்களை வெட்டியிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் கரித்தூள் எழுத்துகளுக்குள் போய் அடைந்திருக்கும். விரலை விட்டு இழுத்தால் நகக்கண்ணெல்லாம் கறுத்துவிடும். மத்தியானத்தில் முதுகைச் சாய்த்தால் சுடும். மழைக்காலத்தில் அதன் மேல் ஈரத்துணி வாசனை வரும். அந்தப் பக்கம் மீன் காயப்போடும் நாற்றம், இந்தப் பக்கம் இஞ்சின் புகை, நடுவில் நம் பள்ளிக்கூடம்.

போர் முடிந்த பிறகு, பள்ளியை நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் அந்தக் கல்லை நட்டதாகச் சொல்வார்கள். நம் பள்ளியில் படித்து, பட்டாளத்துக்குப் போனவர்கள் சிலர், கப்பலில் கரி தள்ளப் போனவர்கள் பலர், திரும்பி வராதவர்கள். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் மைதானத்து வெயிலில் நிற்கவைத்துத் தலைமையாசிரியர் அந்தப் பெயர்களை வாசிப்பார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை மயங்கி விழும். அத்தோடு சரி.

பெண்பிள்ளைகள் நாங்களோ அந்தப் பெயர்களைத் தினமும் சொன்னோம். கல்லுக்கு முன்னால்தான் நாங்கள் பாண்டி ஆடுவோம். ஓட்டுச் சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் நொண்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். யார் முதலில் ஆரம்பித்தார்களோ தெரியாது, எங்களுக்கு முன்னால் படித்த அக்காமார்களிடமிருந்து வந்தது. அப்பா பெயரோடு சேர்த்து ராகம் போட்டு இழுப்போம். கல்லில் கடைசியாக இருந்த பெயர் பாண்டியிலும் கடைசிக் கட்டம். அங்கே மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நின்று மூச்சு வாங்கலாம். அது என் பெரியப்பாவின் பெயர். என் நைனாவுக்கு அண்ணன். நான் அவரைப் பார்த்ததில்லை.

ஒருநாள் எங்கள் டீச்சர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். செத்தவர்களின் பெயரைக் காலால் மிதிக்கிறோம் என்று அவருக்கு ஆத்திரம். என்னைப் பிடித்து மரஸ்கேலால் முட்டியில் போட்டார். அப்போது கேட்டுக்கு வெளியே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து வந்தாள். பெரியம்மா என்றால் அந்தப் பெரியப்பாவின் மனைவி. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தினமும் இன்டர்வெல் மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாகக் கூடையோடு அந்தக் கேட்டருகே வந்து உட்கார்வது அவள் வழக்கம்.

"இன்னா டீச்சர், கொயந்தய போட்டு அட்ச்சிகினு கீறீங்க?"

"செத்தவங்க பேரைச் சொல்லி நொண்டி விளையாடுதுங்கம்மா. மரியாதை வேண்டாமா?"

"வுடுங்க டீச்சர். தெனிக்கும் அதுங்க பேர கூப்புட்றது இந்தக் கொயந்திங்க மட்டும்தான். இதையும் அட்ச்சி நிறுத்திட்டீங்கன்னா அப்பால யாரு கூப்புடுவா?"

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. எங்கள் குப்பத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பார்கள், அவள்தான் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்குப் படிக்கவும் தெரியாது. கல்லைப் பார்த்தால் அவளுக்கு வெறும் கோடுகள். அந்தப் பெயரைக் காதால் கேட்கத்தான் அவள் கேட்டுக்கு வந்தாள். மீன் விற்க எங்கள் பள்ளி வாசல் ஒன்றும் நல்ல இடமில்லை.

அந்தக் கல்லுக்கும் அவளுக்கும் இருந்த சம்பந்தத்தை என் அம்மா எனக்குச் சொன்னாள். கடலுக்குப் போனவன் உடம்பு கரையேறாவிட்டால், ஊர் கூடி அவன் செத்தான் என்று சொல்லும்வரை பெண்டாட்டி தாலியைக் கழற்றக் கூடாது. அது எங்கள் வழக்கம். நம் கடலில் போனவனுக்கு அது பொருந்தும். எந்தக் கடல், எந்தத் திசை என்றே தெரியாத இடத்தில் கப்பலோடு போனவனுக்கு ஊர் என்ன சொல்லும். போர் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியபிறகும் பெரியம்மா பூவும் பொட்டுமாக இருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

பாதிரியார் கல்லை நட்டதும் எங்கள் ஊர்ப் பெரியவர், அதாவது குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர், வந்து பார்த்தார். யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பேரு கல்லுல ஏறிட்ச்சி. இனிமே இதான் ஒடம்பு" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட, ஊர்ப் பெண்கள் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். செத்த உடம்பைக் குளிப்பாட்டுவது போலக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் முன்னால் அவள் தாலியை அறுத்தார்கள். ஊர்ப் பெரியவர் தன் கையாலேயே கல்லடியில் குழி தோண்டி, மஞ்சள் கயிற்றையும் அதில் இருந்த குன்றிமணிப் பொன்னையும் போட்டு மூடினார். சுடுகாட்டுக்குப் போகிற மாதிரி அவள் போய் நிற்க இருந்தது அந்த ஒரு இடம்தான். இதெல்லாம் பள்ளிக்குத் தெரியாதா என்றால், தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்டவர் யாரும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போன வருஷம், கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனால் பூவரச மரம் இல்லை. கல்லும் இல்லை. பழைய ஓட்டுக் கொட்டகையை இடித்துப் போட்டிருந்தார்கள். புதுக் கட்டடம் வருகிறது, மாடியோடு வருகிறது, இரும்புக் கடை முதலாளி ஒருவர் பணம் கொடுக்கிறார் என்று எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. நாமும்தான் குதித்தோம். நான் இல்லையென்று சொல்லவில்லை. மாடிப்படி ஏறிப் படிக்கப் போகிறோம் என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

பெரியம்மா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர் என்று நாமெல்லாம் சொல்வோமே, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர், அவரேதான்.

"பின்னாடி பத்திரமா வெச்சிருக்கோம்மா. கட்டடம் முடிஞ்சதும் அதே இடத்துல நட்டுடுவோம். கவலைப்படாம போங்க" என்றார்.

அவள் அதை அப்படியே நம்பினாள். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். கல் உண்மையாகவே பின்பக்கம் கிடந்தது, கக்கூஸ் சுவரோரமாக, பெயர்கள் வானத்தைப் பார்த்தபடி. அதன்மேல் கொத்தனார்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியம்மா எனக்கு ஒரு பழைய துணியைக் கிழித்துக் கொடுத்து, தினமும் போய்த் துடைத்துவிட்டு வரச் சொல்வாள். குழம்புக் கறையும் வெற்றிலை எச்சிலுமாக இருக்கும். துடைத்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும், "கல்லு கீதா?" என்பாள். "கீது பெரிம்மா" என்பேன். அதற்கப்புறம்தான் சாப்பிட உட்கார்வாள்.

கட்டடத் திறப்புவிழா உங்களுக்கு மறந்திருக்காது. காகிதத் தோரணம், பேண்டு வாத்தியம், ஆளுக்கொரு பூந்தி பொட்டலம். கல் இருந்த இடத்தில் சிமெண்டு பூசி ஒரு வளைவு கட்டியிருந்தார்கள். அதில் பளபளவென்று ஒரு சலவைக்கல். முதலாளியின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், திறந்து வைத்தவரின் பெயர், தலைமையாசிரியரின் பெயர், எல்லாம் தங்க எழுத்தில். நாம் கைதட்டினோம். மறுநாள் நான் துணியோடு பின்பக்கம் போனால், இடித்த செங்கல் குவியலையும் காணோம், கல்லையும் காணோம். தரையைப் பெருக்கிக் கோலம் போடாத குறையாகச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

பெரியம்மா மறுபடியும் என்னை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். தலைமையாசிரியர் யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவே சற்று நேரம் பிடித்தது. அதுதான் இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

"ஓ, அந்தக் கல்லா? இடிச்ச செங்கல்லோட சேர்த்து லாரியில ஏத்திட்டாங்க போலிருக்கு."

"ஏத்திகினு எங்க போனாங்க சார்?"

"கடல் அரிக்குதுன்னு கரையில கல் கொட்டுறாங்க இல்ல, அங்கதான். நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கு. உங்க குப்பத்தைக் காப்பாத்தத்தானே?"

"சார், எங்கூட்டுக்காரு பேரு அதுல கீது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் சொல்றதைத் தப்பா நினைக்காதீங்க. வெள்ளைக்காரனுக்காகப் போய்ச் செத்தவங்க அவங்க. நாடு சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு. இன்னமும் அந்தக் கல்லை வெச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்தா பிள்ளைங்களுக்கு நாம என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?"

"அது வெள்ளக்காரனுக்கோசரம் போவல சார். உங்க இஸ்கூல்ல அஞ்சாவது வரிக்கும் பட்ச்சிச்சி. நாலு எயுத்து தெரிஞ்சவன் வோணும்னு கப்பல்காரன் கேட்டான். அதனால போச்சு. பட்ச்சிருக்காம இருந்திருந்தா கட்டுமரத்துல போய்கினு வூட்டாண்ட இருந்திருக்கும்."

அவர் மணி அடிக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார்.

துறைமுகத்துக்கு வடக்கே கடல் தெருத்தெருவாகத் தின்றுகொண்டிருந்த காலம் அது. துறைமுகத்தை நீட்டி நீட்டிக் கட்டக் கட்ட, அலை எங்கள் பக்கம் திரும்பி அறைந்தது. கோவிலே ஒன்று போயிற்று என்பார்கள். கரை நெடுக லாரி லாரியாகக் கருங்கல்லும் இடித்த கட்டடங்களும் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெரியம்மா மீன் விற்று முடிந்ததும் அந்தக் கற்களின் மேல் ஏறி இறங்கித் தேடத் தொடங்கினாள். கால் வழுக்கும், பாறை இடுக்கில் நண்டும் கண்ணாடித் துண்டும் இருக்கும், அவளோ வெறுங்காலோடு போவாள். நைனா அவளைத் தடுத்துப் பார்த்தார்.

"அண்ணி, ஊரு சிரிக்கிது. வுட்டுத் தொலையேன்."

"உங்க அண்ணன் தான அது? நீயும் வந்து தேடேன்பா."

நைனா வரவில்லை. அவருக்குத் துறைமுகத்தில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. யார் வாயிலும் விழ அவருக்குப் பயம்.

கல்லைக் கண்டுபிடித்தது நம் வகுப்புப் பெண் ஒருத்தி. இந்தக் குழுவில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் அவள்தான் என்று. நண்டு பிடிக்கப் போனவள் ஓடிவந்து சொன்னாள். நாங்கள் போனபோது அலை உள்வாங்கியிருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவில், தலை மேலே, கால் தண்ணீரில் என்று சாய்ந்து கிடந்தது. மேல்முனை உடைந்திருந்தது. பெரியம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முந்தானையால் பாசியைத் தேய்த்தாள்.

"படி" என்றாள்.

படிக்கத் தேவையே இல்லை. நான் பாண்டி ராகத்திலேயே சொன்னேன். எங்கள் கூட வந்தவளும் சேர்ந்து சொன்னாள். கடைசிப் பெயர் வரும்போது பெரியம்மா அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அலை வந்து அவள் மார்பு வரைக்கும் அடித்துவிட்டுப் போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

கரையில் படகும் வலையும் இழுக்கிற ஊருக்கு ஒரு கல்லை இழுப்பது பெரிய வேலையா? பெரியம்மா ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவரும் சரி என்றார். கடலுக்குப் போகாத ஒரு வெள்ளிக்கிழமையில் குப்பத்து ஆண்களெல்லாம் வந்தார்கள். படகு இழுக்கும் வடத்தைக் கல்லுக்குச் சுற்றிக் கட்டினார்கள். ஐலசா போட்டு இழுத்தார்கள். கல் அசைந்தது. நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், ஒரு முழம் மேலே வந்துவிட்டது. பெரியம்மா வடத்தின் கடைசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வடம் பிடிக்கக் கூடாது, அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அப்போதுதான் ஜீப் வந்தது. சுவர் வேலையைப் பார்க்கும் ஓவர்சியர், கூட ஒரு போலீஸ்காரர். சர்க்கார் கொட்டிய கல்லில் கை வைத்தால் கேஸ் என்றார்கள். அது எங்கள் கல் என்று யாரோ சொன்னார்கள். ஓவர்சியர் சத்தம் போடவில்லை. "எடுத்துக்குங்க. ஆனா இனிமே உங்க குப்பத்துக்கு ஒரு லோடு கல்லு வராது. அலை வந்து வூட்டுக்குள்ள பூந்தா எங்கிட்ட வராதீங்க" என்றார். யார் அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நம் தலைமையாசிரியர் நின்றிருந்தார். அதை நான் மறக்கவில்லை.

ஆண்கள் எல்லாரும் ஊர்ப் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார், பிறகு கரையோரத்துக் குடிசைகளைப் பார்த்தார். அவர் வீடு முதல் வரிசையில் இருந்தது.

"வடத்த அவுருங்கபா" என்றார். "வெறும் கல்லுக்கோசரம் ஊரையே கடலுக்குக் குடுக்க முடியாது."

அவர் பயம் இப்போது எனக்குப் புரிகிறது. அலை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். புரிகிறது என்பதற்காக மன்னிக்க வேண்டுமா என்ன. நான் மன்னிக்கவில்லை.

கல் பழைய இடத்துக்கே சரிந்தது. பெரியம்மா வடத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். ஊர் ஆண்கள் முன்னால் அவள் குரல் எழுந்து நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு இதான் ஒடம்புன்னு சொன்னது யாரு மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீதான. உங் கையால தான குயி நோண்டி மூட்ன? இன்னிக்கு வெறும் கல்லுன்ற. இன்னான்னு ஒன்னு சொல்லு. ஒடம்புன்னா வெளிய இசுத்துப் போடு. வெறும் கல்லுன்னா என் தாலியக் குடு."

"பைத்தியமா உனுக்கு? போ, வூட்டுக்குப் போ."

"குடு மாமா."

நைனா தலையைக் குனிந்துகொண்டு வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் தாலி புது வளைவின் சிமெண்டுக்கு அடியில் இருந்தது, முதலாளியின் தங்க எழுத்துக்குக் கீழே. அதை எடுத்துக் கொடுக்க யாரால் முடியும்.

திங்கட்கிழமை இன்டர்வெல் மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடினேன். பெரியம்மா வழக்கம்போல் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். தலை நிறையக் கனகாம்பரம். டீச்சர்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்ததா, பெருமையாக இருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

வீட்டில் அம்மா அழுதாள். "இன்னாக்கா இது, இன்னா காரியம் பண்ட்ட."

"நான் இன்னா பண்ணேன்? ஒடம்பு இல்லன்னு ஊர்தான சொல்லிச்சி. ஒடம்பு இல்லன்னா நான் ஏன் அறுத்துகினு கீறேன்?"

பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் அவள் உள்ளே வந்தால் பெண்கள் தாம்பாளத்தை மறைத்தார்கள். நைனா அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் பூ வாங்கினால் அவளுக்கும் ஒரு முழம் கிள்ளித் தனியாக வைப்பாள். பைத்தியமெல்லாம் இல்லை, நண்பர்களே. ஊர் சொன்ன தீர்ப்பை வார்த்தைக்கு வார்த்தை மதித்து நடந்தவள் அவள் ஒருத்திதான். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒருநாள், பெரியப்பா திரும்பி வருவாரா என்று அவளிடமே கேட்டேன். மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வராது. எனுக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா அது செத்துட்ச்சின்னு சொல்றதுக்கும், இல்லன்றதுக்கும் இவனுங்க யாரு? தோணும்போது ஒடம்புன்னுவானுங்க, தோணும்போது கல்லுன்னுவானுங்க. நான் இன்னா இவனுங்க இஷ்டத்துக்கு அவுத்து அவுத்துக் கட்டிகினு இருக்கணுமா?"

அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிப் பேசியது. கல்லின் மேல் அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் பல லோடு பாறை விழுந்துவிட்டது. பிறகு அதன்மேல் ரோடு அகலமாயிற்று. இப்போது எண்ணூர் பக்கம் போகிற கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் அதன்மேல்தான் வரிசைகட்டி நிற்கின்றன. நீங்களும் அந்தப் பக்கம் காரில் போகும்போது டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டு அதன்மேல் நின்றிருப்பீர்கள்.

பெரியம்மா வயதாகி, படுக்கையில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் நான் போனால், விரலால் தரையில் கட்டம் போட்டுக் காட்டுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்த நான், அவள் கட்டிலோரம் உட்கார்ந்து பாண்டிப் பாட்டைச் சொல்வேன். கடைசிப் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது சண்டை வந்தது. அந்த ஊர்ப் பெரியவரின் மகன் இப்போது தலைவர். "அறுத்தவளுக்கு மஞ்சளும் பூவும் எப்டி வெப்பீங்க? அப்பா காலத்துலயே தீர்ந்த விஷயம்" என்றார். வாழ்நாள் முழுக்க போனில் பொறுமையாகப் பேசிப் பழகியவள் நான். அன்று கத்தியதில் தெருவே வந்து நின்றது. "உங்கப்பாதான அத வெறும் கல்லுன்னாரு? அப்ப எங்க பெரிப்பா சாவல. எங்க பெரிம்மா சுமங்கலி. இல்லன்னு சொல்றவன் கடல்ல எறங்கி அந்தக் கல்லத் தூக்கிகினு வா" என்றேன். யாரும் இறங்கவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலை கொள்ளாமல் கனகாம்பரம் சூட்டி அனுப்பினோம். வடத்தைச் சுருட்டிய என் நைனா, தள்ளாத வயதில் தடியூன்றி வந்து, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இனி உங்கள் கிரானைட் விஷயம். செயலாளர் மாதிரிப் படம் ஒன்றும் போட்டிருந்தார். மேலே "தாய்நாட்டின் அறியப்படாத வீரர்களுக்கு" என்று சின்ன எழுத்து. கீழே நன்கொடையாளர்கள் என்று உங்கள் எல்லாருடைய பெயரும் பெரிய எழுத்தில். அறியப்படாதவர்களாம். யாருக்கு அறியப்படாதவர்கள்? ஒரு தலைமுறைப் பெண்பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டிருந்த பெயர்கள் அவை. நீங்கள் அடித்து நிறுத்தினீர்கள், பெயர்த்தெடுத்தீர்கள், லாரியில் ஏற்றினீர்கள். இப்போது தெரியவில்லை என்கிறீர்கள்.

எனக்குப் பெயர்கள் தெரியும். அப்பா பெயரோடு, வரிசை மாறாமல் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கம் எங்காவது இருப்பார்கள், அவர்களுக்கு அந்தப் பெயர்கள் சேர வேண்டும். அதனால் தருகிறேன். நன்கொடையாளர் பெயர் ஒன்றுகூடக் கல்லில் இருக்கக் கூடாது. இருந்தால் தர மாட்டேன். பெயர் வேண்டும் என்றால் பூந்தி பொட்டலத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பெயர் கல்லில் ஏறினால், அவர் செத்துவிட்டார் என்று மறுபடியும் ஊர் சொன்னதாக ஆகும். என் பெரியம்மா மறுபடியும் தாலி அறுக்க வேண்டியிருக்கும். முதலில் அறுத்ததையே இன்னும் யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.